சர்வர் இல்லாத அறை

அத்தியாயம் 6

தாராவியில் மாடிக்குப் போகப் படி தேடக்கூடாது. சுவரில் சாத்திய இரும்பு ஏணி இருக்கும். மேலேயிருந்து ஒரு கயிறு தொங்கும். அதைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்கள் நகர்ந்து இடம் தரும்வரை அந்தரத்தில் நிற்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் டாக்ஸி ஓட்டி வயிற்றை வளர்த்த பேச்சிராஜா அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், அடுத்த தடவ தரைத்தளத்துல இருக்கிற கேஸாப் பாத்து எடுங்க."

"பேசினா மூச்சு வாங்கும் அண்ணாச்சி. ஏறுங்க."

விஜயராணி ஏற்கெனவே மேலே போயிருந்தாள். பன்னிரண்டு வருடம் லோக்கல் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, பிறகு வேலையை உதறிவிட்டு, கிங்ஸ் சர்க்கிளில் ஒரு அப்பளக் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் வைத்தவள். பேச்சிராஜா அந்த நிலையத்தின் உதவியாளர், ஓட்டுநர், புகார்ப் பெட்டி எல்லாம்.

மணி ஒன்று நாற்பது. செவ்வாய்க்கிழமை.

மாடி முழுக்கத் தோல் வாசனை. பன்னிரண்டு தையல் மிஷின்களும் ஓயாமல் ஓட வேண்டிய பகல் நேரத்தில் ஒன்றுகூட ஓடவில்லை. பட்டறைக்காரர் முகம்மது ஹனீப் ஒரு மிஷினின் மேல் கையை ஊன்றி நின்றிருந்தார். அவர் மகள் ஜுவைரியா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். விஜயராணி எதிரில் அமர்ந்ததுதான் தாமதம், கேள்வி வருவதற்குள் ஜுவைரியா பையைத் திறந்து ஆதார் அட்டை, கல்லூரி அட்டை, ரயில் பாஸ் எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பினாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"தெரியல மேடம். கேப்பீங்களோன்னு..."

விஜயராணி பேச்சிராஜாவைப் பார்த்தாள். பார்வையின் பொருள் அவருக்குத் தெரியும். அவளுடைய தொழில் ரகசியம் அது: டிக்கெட் வாங்காதவன் பரிசோதகரின் கண்ணை நேராகப் பார்த்துச் சிரிப்பான். வாங்கியவன்தான் பதறிப்போய்ப் பையைத் துழாவுவான்.

"நாலு மணிக்கு செம்பூர்ல ஃபங்ஷன்" என்றார் ஹனீப். "சேர்மன் பேசி முடிச்சதும் மேடையில வச்சே இன்ஸ்பெக்டர் கையில கம்ப்ளெய்ன்ட் குடுக்கப் போறாராம். எம் புள்ள பேர்ல. ஸ்டேஷன்ல ஒரு தடவ பேர எழுதிட்டான்னா, அப்புறம் எந்த ஆபீஸ்லம்மா இவள உக்கார வைப்பான்?"

"முதல்லேர்ந்து சொல்லு" என்றாள் விஜயராணி.

ஜுவைரியா சொன்னாள். மாதுங்காவில் ஓர் அறக்கட்டளை. தலைவர் டாக்டர் வானமாமலை. (தபால் பெட்டி எண்ணை மட்டுமே விலாசமாகக் கொண்ட ஒரு பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்திருந்தது. எந்தத் துறையில் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.) தாராவிப் பட்டறைகள் தைக்கும் பைகளை வெளிநாட்டுக்காரர்கள் நேராக வாங்க 'கைத்தடம்' என்று ஒரு இணையதளம். அதை எழுதியது ஜுவைரியா.

"ஒரு ஃபிரேம்வொர்க் வச்சு எழுதினேன் மேடம். வாப்பா அட்டையில பை அச்சு வெட்டி வச்சிருக்காங்கல்ல, அது மாதிரி. அச்சு ரெடிமேட், தோல் நம்மளது. எழுதி முடிச்சு சர்வர்லெஸ்ல டிப்ளாய் பண்ணேன்."

"அப்டின்னா?" என்றார் பேச்சிராஜா, ஒருவழியாக மேலே வந்து சேர்ந்து.

"நம்மகிட்ட சர்வர்னு ஒண்ணு கிடையாதுண்ணே. நாம எழுதினத அனுப்பிட்டாப் போதும். அவங்க ஊரூரா மிஷின் வச்சிருக்காங்க, எது சும்மா இருக்கோ அதுல ஓடும். யாராவது பக்கத்தத் திறந்தா முழிக்கும். வேல முடிஞ்சா தூங்கிரும்."

"எங்க மச்சினன் மாதிரி. இலை போடுத சத்தம் கேட்டாத்தான் முழிப்பான்."

விஜயராணி சிரிக்கவில்லை. "திருட்டு என்ன?"

சோதனை ஓட்டமாகத் தளத்தை ஜனவரி முதல் வாரமே திறந்திருந்தார்கள். மூன்று பெரிய வெளிநாட்டு வியாபாரிகள் இன்ன நாளில் ஆர்டர் அனுப்புகிறோம் என்று சொல்லி வைத்து, அன்றே அனுப்பியும் விட்டார்கள். ஒன்றுகூடப் பட்டறைகளுக்கு வந்து சேரவில்லை.

"ஆர்டர் எந்த மெயிலுக்குப் போகணும்ங்கிறத நான் கோட்ல எழுதலை. தனியா செட்டிங்ஸ்ல ஒரு பெட்டி இருக்கு, அதுல போட்டிருக்கேன். யாரோ அதுல வேற விலாசத்தப் போட்டிருக்காங்க. ஆனா பெட்டியில மாத்தினா மட்டும் பத்தாது மேடம். மறுபடி ஒரு தடவ டிப்ளாய் பட்டன அமுக்கணும். அப்பத்தான் புது விலாசம் ஏறும். அமுக்கினா பேரும் நேரமும் பதிவாயிரும்."

"யார் பேர்?"

"என் பேர்தான். கணக்கு ஒண்ணுதான், என் பேர்ல திறந்தது. யாரு அமுக்கினாலும் ஜுவைரியான்னுதான் விழும்." குரல் இறங்கியது. "பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். இன்னொண்ணு ஆபீஸ்ல அரக்கு வச்ச கவர்ல, செக்ரட்டரி பஞ்சாபகேசன் மாமா பீரோல இருக்கு."

"நேரம்?"

"எட்டாம் தேதி ஒம்போது முப்பத்தொண்ணு. பதினாறாம் தேதி ஆறு முப்பத்தொண்ணு. இருபதாம் தேதி பதினொண்ணு ஒண்ணு. வாயாலதான் சொன்னாங்க, பேப்பர் காட்டல. காலைல ஆறரைக்கு எந்த ஆபீஸ்காரன் முழிச்சிருப்பான், நீதான் சுபுஹு தொழுதுட்டு லேப்டாப்பத் திறப்பேன்னு சேர்மன் சார் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

"நீயே உள்ள போய்ப் பதிவைப் பாத்திருக்கலாமே?"

"லேப்டாப்ப வாங்கி வச்சிக்கிட்டாங்க. வேற எங்கேர்ந்தாவது உள்ள போனா, அழிக்க வந்தேன்னு சொல்வாங்கல்ல மேடம்."

விஜயராணி எழுந்தாள். "கிளம்பு. நீ டாக்ஸியில இரு. நாங்க மாதுங்கா ஆபீஸுக்குள்ள போறோம்."

பேச்சிராஜா ஏணியை ஒரு முறை பார்த்தார். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம் என்பதை அந்த ஏணி அவருக்கு விளக்கமாகச் சொன்னது.

அறக்கட்டளை அலுவலகம் மாதுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. நிஜமான படிகள். பேச்சிராஜா ஒவ்வொரு படிக்கும் மனதார நன்றி சொல்லிக்கொண்டு ஏறினார். மணி இரண்டு முப்பத்தைந்து.

வரவேற்பறையில் டாக்டர் வானமாமலையின் ஆளுயரப் படம். அதன் அடியில் அவருடைய பொன்மொழி: 'என் கடிகாரத்தில் நல்ல நேரம் மட்டுமே உண்டு.' படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி வட்டம் பதித்த ஒரு கதவு; அதன் மேல் பித்தளைத் தகட்டில் 'சர்வர் அறை'. திறந்து வைத்தவர் பெயரும் தேதியும் கீழே. திறந்து வைத்தவரும் டாக்டர் வானமாமலைதான்.

"சர்வரே கிடையாதுன்னு அந்தப் புள்ள சொல்லிச்சே?" என்றார் பேச்சிராஜா.

"கிடையாதுதான்" என்றது ஒரு குரல். எழுபதை நெருங்கும் ஒல்லி மனிதர், நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. செயலாளர் பஞ்சாபகேசன். "அறை இல்லாம எப்படித் திறப்பு விழா பண்றதுன்னு கேட்டார். ஏசி போட்டு, ரெண்டு அலமாரி வச்சு, தீபாவளிக்குப் போடற மினுக்கு லைட்டை உள்ளே சுத்தி வச்சிருக்கார். வரவா எல்லாரும் கண்ணாடி வழியா எட்டிப் பார்த்துட்டு, பலேன்னுட்டுப் போறா. சாவி அவர்ட்ட மட்டும்தான். நீங்க யாரு?"

விஜயராணி அட்டையை நீட்டினாள். பஞ்சாபகேசன் வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "அந்தக் குழந்தைக்காகவா? உட்காருங்கோ."

பீரோவைத் திறந்து முதலில் அரக்கு வைத்த கவரைக் காட்டினார். முத்திரை உடையவில்லை. ஆனால் முத்திரை வைப்பவரும் அவரே, அரக்கு வைத்திருப்பவரும் அவரே என்பதைப் பேச்சிராஜா மனதில் குறித்துக்கொண்டார். பிறகு நிபுணர் ஒருவர் எடுத்துக் கொடுத்த அறிக்கையின் தாள் வந்தது. மூன்று வரிகளைச் சிவப்பு மையில் கட்டம் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வரியிலும் ஜுவைரியாவின் பெயர், தேதி, நேரம். நேரத்தின் வாலில், ஒட்டினாற்போல, ஒரு ஆங்கில எழுத்து.

"இந்த இசட் என்னது?" என்றாள் விஜயராணி.

"மிஷின் தூங்கிருச்சு போல" என்றார் பேச்சிராஜா. "படக்கதையில தூங்குதவன் தலைக்கு மேல இதைத்தான் போடுதாவ."

"போட்டோ எடுத்து அந்தப் பொண்ணுக்கு அனுப்புங்க."

அனுப்பிய அரை நிமிடத்தில் போன் அடித்தது. கீழே டாக்ஸியிலிருந்து ஜுவைரியா. "அண்ணே, ஸ்பீக்கர்ல போடுங்க. மேடம், அந்த இசட் இருந்தா அது நம்ம டைம் இல்ல. லண்டன் டைம். உலகம் பூரா மிஷின் இருக்கிறதால எல்லாத்துக்கும் அதே கடிகாரம்தான். நம்ம டைம் வேணும்னா அஞ்சரை மணி நேரம் கூட்டணும். இந்தப் பேப்பர அன்னிக்கே காட்டிருந்தா அன்னிக்கே சொல்லிருப்பேனே."

"அப்ப உனக்கு அந்த நேரத்துக்கெல்லாம் சாட்சி இருக்கா?"

"இருந்தும் பிரயோஜனம் இல்ல மேடம். போன்ல கூட அமுக்கலாம். ரயில்ல தொங்கிக்கிட்டே அமுக்கலாம்."

போன் அடங்கியது. விஜயராணி தாளின் ஓரத்தில் பென்சிலால் கூட்டினாள். எட்டாம் தேதி மாலை மூன்று ஒன்று. பதினாறாம் தேதி பகல் பன்னிரண்டு ஒன்று. இருபதாம் தேதி மாலை நான்கு முப்பத்தொன்று.

பேச்சிராஜா அதை எட்டிப் பார்த்தார். ஒரு முறை, இரண்டு முறை. டாக்ஸி ஓட்டிய காலத்தில், வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஏழு நிமிஷம் கழிச்சு எடுப்பா" என்று சொன்ன எத்தனை பேரை அவர் பார்த்திருக்கிறார். மீட்டரைப் போடு, வண்டியை மட்டும் நகர்த்தாதே என்பார்கள்.

"மேடம்" என்றார், குரலைத் தாழ்த்தி. "எட்டாம் தேதி என்ன கிழமை?"

"வியாழன்."

"வியாழன் ராகு காலம் ஒண்ணரை டு மூணு. பதினாறு வெள்ளி, பத்தரை டு பன்னெண்டு. இருபது செவ்வாய், மூணு டு நாலரை. மூணு தடவையும் ராகு காலம் முடிஞ்சு ஒரே ஒரு நிமிஷம் பொறுத்து அமுக்கிருக்கான். திருடனுக்கு என்ன ஒரு பக்தி."

விஜயராணி தாளை மறுபடி பார்த்தாள். விலாசத்தைப் பழையபடி மாற்றி வைத்த மூன்று வரிகளும் கீழே இருந்தன. அவற்றின் நேரங்களில் ஒரு ஒழுங்கும் இல்லை. ஒன்று அசல் ராகு காலத்தின் நடுவிலேயே இருந்தது.

"திருடத்தான் நல்ல நேரம் வேணும்" என்றாள். "திருப்பி வைக்க எந்த நேரமும் போதும்."

இருவரும் ஒரே சமயத்தில் பஞ்சாபகேசனைப் பார்த்தார்கள். விபூதி. அரக்கு. கவர். மேஜை மேல் தடிமனான பஞ்சாங்கம், நடுவில் மயிலிறகு அடையாளம் வைத்து.

"இந்த ஆபீஸ்ல ராகு காலம் பாக்கிறது யாரு மாமா?" என்றாள் விஜயராணி, மெதுவாக.

"நான்தான். வேற யாரு? சேர்மன்தான் மேடைக்கு மேடை கேலி பண்றாரே." பென்சில் கணக்கு அவர் கண்ணில் பட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். முகம் சிவந்தது. "ஓஹோ. நான் எடுத்தேன்னு சொல்றேளா?"

"நாங்க ஒண்ணும் சொல்லலியே" என்றார் பேச்சிராஜா. "கடிகாரம் சொல்லுது."

"திருடன்னு சொல்லுங்கோ, பரவாயில்லை. வயசான காலத்துல அதையும் கேட்டுக்கறேன்." அவர் பஞ்சாங்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆனா வெள்ளிக்கிழமை பன்னெண்டே ஒண்ணுக்கு ராகு காலம் முடிஞ்சுடுத்துன்னு நான் நெனச்சேன்னு சொல்லாதேங்கோ. அது எனக்கு அவமானம். பம்பாய்ல ஜனவரி மாசம் சூரியன் எப்போ உதிக்கறது?"

"ஆறு மணிக்கு..." என்றார் பேச்சிராஜா.

"ஏழே கால். எங்கப்பா பம்பாய்க்கு வந்த நாள்லேர்ந்து எங்காத்துல இந்த ஊர் சூரியனை வச்சுத்தான் கணக்கு. உதயத்துலேர்ந்து அஸ்தமனம் வரைக்கும் எட்டாப் பிரிக்கணும். மெட்ராஸ் கணக்கை இங்கே கொண்டுவந்தா ஒரு மணி நேரம் தப்பும்." மேஜைக் கண்ணாடியின் அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். கையெழுத்தில் அட்டவணை, கிழமைவாரியாக. "பாருங்கோ. அந்த வெள்ளி பதினொண்ணு இருபத்தஞ்சுலேர்ந்து பன்னெண்டு நாப்பத்தெட்டு. பன்னெண்டே ஒண்ணுங்கறது நட்டநடு ராகு காலம். வியாழன் மூணே ஒண்ணு, அதுவும் நடுவுல. செவ்வாய் நாலு முப்பத்தொண்ணு, அதுவும். நான் அந்த நேரத்துல நகம்கூட வெட்ட மாட்டேன்."

விஜயராணி அட்டவணையை வாங்கி மூன்று நேரங்களையும் சரிபார்த்தாள். மூன்றும் நடுவில்தான் விழுந்தன. பேச்சிராஜா தன் வாழ்நாள் முழுக்கத் தப்பான நேரத்துக்கு வண்டி எடுத்த அத்தனை சவாரிகளையும் நினைத்து ஒரு கணம் திகைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதும் அடுத்த கணமே நினைவுக்கு வந்தது.

"அப்ப அமுக்கினவன் தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் பாத்து அமுக்கினவன்" என்றாள் விஜயராணி. "ஊர்ல அச்சடிச்சு வர்ற காலண்டர். அதுல போட்டதை அப்படியே நம்பறவன். இந்த ஆபீஸ்ல அப்படி ஒண்ணு இருக்கா?"

"புது வருஷத்துக்கு ஒரு மளிகைக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். சேர்மன் எல்லார் முன்னாடியும், இந்தக் குப்பை ஆபீஸ்ல தொங்கக்கூடாது, நாம விஞ்ஞான யுகத்துல இருக்கோம்னு பத்து நிமிஷம் பேசினார். அப்புறம் தானே எடுத்துண்டு போனார், எறியறதுக்கு."

"எறிஞ்சதைப் பாத்தீங்களா?"

பஞ்சாபகேசன் திரும்பிச் சர்வர் அறையைப் பார்த்தார். பேச்சிராஜா அதற்குள் சர்வர் அறைக் கதவின் கண்ணாடியில் மூக்கை ஒட்டியிருந்தார். உள்ளே ஏசி ஓடியது. இரண்டு இரும்பு அலமாரிகள். சிவப்பும் பச்சையுமாக மினுக்கும் விளக்குகள். ஒரு நாற்காலி, மேஜை. பார்வையாளர்கள் அலமாரியைத்தான் பார்ப்பார்கள். பேச்சிராஜா கன்னத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பக்கவாட்டுச் சுவரைப் பார்த்தார்.

ஆணியில் தினத்தாள் காலண்டர். தடித்த எழுத்தில் 27.

"மேடம், இன்னைக்குத் தேதி?"

"இருபத்தேழு."

"சர்வரே இல்லாத அறை. சாவி ஒருத்தர்ட்ட. ஆனா இன்னைக்கு வரைக்கும் தாள் கிழிச்சிருக்கு." அவர் திரும்பினார். கன்னத்தில் வட்டமாகத் தூசி. "அலமாரியா மேடம் வந்து கிழிக்கும்?"

மணி மூன்று இருபது. விழாவுக்கு நாற்பது நிமிடம். விஜயராணி கேட்டாள்: "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு விழான்னு யார் நேரம் குறிச்சது மாமா?"

"அவரேதான். ராகு காலத்துல வைக்கறேன் பாருன்னு. நான் ஆட்சேபணை எழுதி ஃபைல்ல வச்சிருக்கேன்."

"நாலு மணிக்கு மேடையில கைத்தடத்தை முறைப்படி திறந்து வைக்கப் பட்டனை அமுக்கப் போறார்."

"நாலே அஞ்சுக்கு. அழைப்பிதழ்லயே போட்டிருக்கே."

"பாக்கலாம்" என்றாள் விஜயராணி. "வாங்க மாமா, வண்டியில இடம் இருக்கு."

சயான் தாண்டும்போது டாக்ஸி நின்று நின்று போனது. பின் இருக்கையில் பஞ்சாபகேசனும் விஜயராணியும் நடுவில் ஜுவைரியாவும்.

"ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு" என்றாள் விஜயராணி. "சேர்மன் போன்ல எப்பவாவது உன் கணக்கைத் திறந்திருக்கியா?"

ஜுவைரியா யோசித்தாள். "டிசம்பர்ல ஒரு தடவ. டெமோ காட்டச் சொன்னாரு, அவர் போன்லயே திறந்து காட்டினேன். அப்புறம் லாக்-அவுட் பண்ணிருங்கன்னு சொன்னேன்."

"பண்ணினாரா?"

"வாட்ஸாப்பே அவர் சம்சாரம்தான் திறந்து தருவாங்கன்னு சொன்னாரு. பேரப்புள்ளய விட்டுப் பண்ணிக்கிறேன்னாரு." சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனா இதெல்லாம் நம்ம பேச்சுதான மேடம்" என்றார் பேச்சிராஜா, ஹாரனை அடித்தபடி. "காலண்டர் கிழிச்சது குத்தமான்னு இன்ஸ்பெக்டர் கேட்டா? எங்க வீட்டுலயும் ஒருத்தி கிழிக்கா."

"அதனால அவரே ஒத்துக்கணும். முன்னூறு பேர் முன்னாடி, கைதட்டலோட."

"எப்படி?"

"உங்க உடம்பு வேணும் அண்ணாச்சி. மேடைக்குப் பக்கத்துல கீழ ஒரு இடத்துல போய் உக்காரணும்."

"உக்கார்றதுக்கா? அதுக்கு நான் பொறந்ததிலேர்ந்து தயார்."

செம்பூர் மண்டபத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. தாராவி, மான்குர்த், தேவ்நார் பட்டறைக்காரர்கள் ஒரு பக்கம். முன்வரிசையில் ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரி, பக்கத்தில் இன்ஸ்பெக்டர். மேடையில் ஜரிகைத் துணி போர்த்திய மேஜை, அதன் மேல் ஜுவைரியாவிடமிருந்து பிடுங்கிய லேப்டாப். பின்னால் பெரிய திரை. ஹனீப் கடைசி வரிசையில் உட்காராமல் சுவரோரம் நின்றிருந்தார்.

விஜயராணி ஜுவைரியாவை இன்ஸ்பெக்டருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார வைத்தாள். "சார், இந்தப் பொண்ணோட போன் உங்ககிட்டயே இருக்கட்டும். ரெண்டு கையையும் மடியில வச்சுப்பா. பாத்துக்குங்க." இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார். போனை வாங்கிக்கொண்டார்.

நாலு இரண்டுக்கு டாக்டர் வானமாமலை மைக் முன் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைமுடி, இரண்டும் ஒரே சலவையில் வெளுத்தது போல.

"நண்பர்களே, இன்று செவ்வாய். இப்போது ராகு காலம் என்று சிலர் நடுங்குகிறார்கள். நான் நடுங்கவில்லை. என் கடிகாரத்தில் நல்ல நேரம் மட்டுமே உண்டு."

கைதட்டல். நாலே ஐந்து வந்தது. அவர் பட்டனின் பக்கம் போகவில்லை. ஒற்றைப் பெட்டியோடு தாதரில் இறங்கிய கதைக்குப் போனார். நாலு பதினைந்துக்கு அந்தப் பெட்டியின் நிறம் வந்தது. நாலு இருபதுக்கு அதிலிருந்த சட்டைகள் வந்தன. தூதரக அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். விஜயராணி ஒரு துண்டுச் சீட்டை மேடைக்கு அனுப்பினாள்: 'விருந்தினர் 4.25க்குக் கிளம்ப வேண்டும். இப்போதே பட்டனை அழுத்தலாமே.'

வானமாமலை வாசித்தார். நெற்றியில் வியர்வை. தண்ணீர் குடித்தார். பிறகு, திட்டத்தில் இல்லாத ஒரு அன்பளிப்பாக, தூதரக அதிகாரிக்குச் சால்வை போர்த்தினார். அது முடிந்ததும் இன்ஸ்பெக்டருக்கும். அது முடிந்ததும், வேறு ஆள் கிடைக்காமல், ஒலிபெருக்கிக்காரருக்கும்.

"நாலு இருபத்தெட்டு" என்று முணுமுணுத்தார் பஞ்சாபகேசன்.

"அப்போது என் தந்தை, நண்பர்களே, என் தோளில் கைவைத்து, கண்ணீர் மல்க, ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை—"

அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"சரி, தொடங்கிவிடுவோம்" என்றார் வானமாமலை. தந்தை சொன்ன வார்த்தை எதுவென்று செம்பூர் கடைசிவரை அறியவில்லை.

நாலு முப்பத்தொன்று. பட்டனை அழுத்தினார். திரையில் ஒரு சக்கரம் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. 'இணைப்பு இல்லை' என்று வந்தது. மேடைக்குக் கீழே பேச்சிராஜா ஒரு நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அவருடைய குதிகாலுக்கும் சுவருக்கும் நடுவே லேப்டாப்பின் இன்டர்நெட் ஒயர் பிடுங்கிக் கிடந்தது.

மறுபடி அழுத்தினார். சக்கரம். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். தூதரக அதிகாரி எழுந்து நின்றார்.

விஜயராணியும் எழுந்தாள். "சார், இதைப் போன்லயே செய்யலாமாம். ஆனா ஜுவைரியாவுக்கு மட்டும்தான் வருமாம். அவளை மேடைக்குக் கூப்பிட்டு உங்க விழாவை நடத்தித் தரச் சொல்லட்டுமா?"

வானமாமலை ஜுவைரியாவைப் பார்த்தார். கடைசி வரிசைச் சுவரோரம் நின்ற ஹனீப்பைப் பார்த்தார். போய்க்கொண்டிருந்த தூதரக அதிகாரியின் முதுகைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் திருடி என்று சொல்லப்போகிற பெண்ணிடம் இப்போது கை நீட்டுவதா?

"தேவையில்லை" என்றார். "எனக்கே வரும்."

போனை எடுத்தார். மூன்றே தட்டல். அதைத் தட்டிய கட்டை விரலில் தயக்கமே இல்லை. பேச்சிராஜா ஒயரைச் செருகினார். பெரிய திரை உயிர் பெற்றது. 'கைத்தடம்' பக்கம் வந்தது. விருந்தினர் திரும்பி நின்றார். முன்னூறு பேரும் கைதட்டினார்கள். விஜயராணி கைதட்டல் முடியும்வரை காத்திருந்தாள்.

"ஜுவைரியா, உக்காந்த இடத்திலேர்ந்தே சொல்லு. பதிவுப் பக்கத்தை எங்க பாக்கணும்?"

அவள் சொன்னாள், பேச்சிராஜா மேடையேறி லேப்டாப்பில் அதைத் திறந்தார். திரையில் பட்டியல் விரிந்தது. மேலே புது வரி, இந்த நிமிடத்தது. டிப்ளாய் செய்தவர்: ஜுவைரியா.

இன்ஸ்பெக்டர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். ஜுவைரியாவின் கைகள் மடியில் இருந்தன. அவள் போன் அவருடைய கையில் இருந்தது.

கீழே பட்டறைக்காரர்கள் மெதுவாக எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். விஜயராணி மேடைப் படிகளில் ஏறினாள். பன்னிரண்டு வருடப் பழக்கம். நடையிலேயே அது தெரிந்தது.

"அந்தப் போனைக் கொஞ்சம் காட்டுங்க சார்."

வானமாமலை பதறவில்லை. பையைத் துழாவவில்லை. அவள் கண்ணை நேராகப் பார்த்துச் சிரித்தார்.

"டிக்கெட் இல்ல" என்றாள் விஜயராணி, இன்ஸ்பெக்டரிடம்.

போனில் என்ன இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவைப்படவில்லை. வாரத்துக்கு ஏழு அலாரம், கிழமைக்கு ஒன்று. செவ்வாய்க்கு நாலு முப்பத்தொன்று. காணாமல்போன மூன்று ஆர்டர்களும் ஒரு மெயில் பெட்டியில் பத்திரமாக இருந்தன. செம்பூரில் அவர் மருமகன் திடீரென்று பை ஏற்றுமதி தொடங்கியது ஏன் என்று தேவ்நார் பட்டறைக்காரர்களுக்குள் இருந்த சந்தேகமும் தீர்ந்தது.

"தப்பான நேரம் பேப்பர்ல வந்ததும், சாமியே மிஷினைக் குழப்பித் தன்னைக் காப்பாத்திருச்சுன்னு நெனச்சிருப்பாரு" என்றார் பேச்சிராஜா.

புகார்த் தாள் மேஜையில் அப்படியே கிடந்தது. ஹனீப் முன்னால் வந்து அதை எடுத்தார். படிக்கவில்லை. தோல் வெட்டுகிற கவனத்தோடு நேராக இரண்டாகக் கிழித்து, மகளிடம் கொடுத்தார். அவள் அதைத் தன் பையில், ரயில் பாஸுக்குப் பக்கத்தில், வைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் வானமாமலையின் தோளில் கை வைத்தபோது பஞ்சாபகேசன் மேடையருகே வந்தார். அவர் முகத்தில் வெற்றியும் இல்லை, கோபமும் இல்லை. ஃபைலில் எழுதி வைத்த ஓர் ஆட்சேபணை நிறைவேறிய திருப்தி மட்டும்.

"அஞ்சே அஞ்சு வரைக்கும் பொறுத்திருக்கலாம் சார்" என்றார். "இந்த ஊர் ராகு காலம் அப்போதான் முடியறது."